முந்நூற்றுப் பன்னிரண்டு குரல்கள்

"இதை அணைச்சா மறுபடி எழுந்திருக்காது அண்ணி" என்று கொழுந்தன் சொன்ன நிமிடத்திலிருந்து காதுக்காரம்மா அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கவே விடவில்லை.

காதுக்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். முப்பது வருடம் மனநல ஆலோசகராக இருந்து, வந்தவர் போனவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கேட்டதோடு விடவில்லை, அவர்கள் சம்மதத்தோடு ஒலிப்பதிவும் செய்து வைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் குரல் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. "உங்க பேச்சு உங்களுது. கேட்டா குடுப்பேன். நீங்க சொல்லாம அழிக்க மாட்டேன். இன்னொரு காதுக்குப் போகவே போகாது" என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது ஒரு வாரமாக உள்ளே ஹார்ட் டிஸ்க் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. என்றைக்கு மூச்சை விடுமோ தெரியாது.

பென் டிரைவ் என்றால் என்னவென்றே அறியாத கம்ப்யூட்டர் அது. ஃப்ளாப்பி செருகும் வாயும் என்றோ கெட்டுப்போயிருந்தது. வீட்டு நெட்வொர்க்கில் அதைச் சேர்த்து, ஒயர் வழியாகப் புது லேப்டாப்புக்கு எல்லாவற்றையும் இழுத்துவிடுவது ஒன்றே வழி. நல்லவேளையாக, கிளினிக்கில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்த காலத்தில் போட்ட நெட்வொர்க் கார்டு இன்னும் அதன் முதுகில் இருந்தது. கொழுந்தனுக்கு ஆபீஸ் ஆபீஸாகப் போய் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. மதியம் சாப்பிட்ட கையோடு ஒயரும் ஸ்க்ரூ டிரைவருமாக வந்து தரையில் சம்மணம் போட்டுவிட்டான்.

"முதல்ல இன்டர்நெட் ஒயரைப் புடுங்கு. வெளியிலேருந்து ஒரு ஈ எறும்பு உள்ள வரக்கூடாது."

"அண்ணி, இந்தப் பொட்டியைத் திருட வர்றவன் மியூசியத்துல வேலை பார்த்தவனா இருக்கணும்."

"புடுங்குன்னா புடுங்கு."

புடுங்கினான். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் நாற்காலியில் உட்காரவில்லை, கதவருகே நின்றாள்.

அவள் பயத்துக்குக் காரணம் ஊரில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், மடியில் ஒரு கைக்குழந்தையோடு அவள் முன் வந்து உட்கார்ந்து அழுத ஒரு பெண், இன்று அவளுக்குச் சம்பந்தி. அந்தக் கைக்குழந்தைதான் மருமகள். மகன் தான் விரும்பிய பெண்ணின் குடும்பத்தை வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில், இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துத் திடுக்கிட்டு, அடுத்த நொடியே முன்பின் தெரியாதவர்களைப் போல் சிரித்துக்கொண்டார்கள். தனியாகக் கிடைத்த அரை நிமிடத்தில் சம்பந்தியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. யார் காதுக்கும் போகாது."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. மருமகளுக்குப் பிரசவமாகி இரண்டு மாதமாகிறது; ஒத்தாசைக்கு அவள் அம்மாவும் இங்கேயே தங்கியிருக்கிறாள். இரண்டு சம்பந்திகளும் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்துத் தெருவே மூக்கில் விரல் வைத்தது.

"சேர்ந்துடுச்சு அண்ணி!" என்றான் கொழுந்தன். லேப்டாப் முதலில் கிழத்தை மதிக்கவில்லை. அதில் எதையோ தளர்த்தி, இரண்டையும் பேச வைத்துவிட்டான். திரையில் பெயர்கள் வரிசையாக ஓடத் தொடங்கின. ஒவ்வொரு பதிவுக்கும் அந்தந்த ஆளின் பெயரையே வைத்திருந்தாள். எண் போட்டு வைக்கச் சொன்ன தோழியிடம், மனுஷனை நம்பராக்க மாட்டேன் என்று அந்தக் காலத்தில் வீறாப்பாகச் சொன்னவள் அவள்.

"பாஸ்வேர்டே கேக்கலையே. ஃபோல்டர் முழுக்கத் திறந்தா கிடக்கு?"

"கிளினிக்ல ரெண்டே ரெண்டு கம்ப்யூட்டர்தான், நடுவுல ஒரே ஒயர். வேற யாரு வரப்போறான்னு பாஸ்வேர்டு போடல."

கொழுந்தன் தலையை ஆட்டிக்கொண்டான். நாற்பது வந்தது. எழுபது வந்தது. டிஸ்க் ஒருமுறை கீச்சிட்டு நின்றது, மறுபடி ஓடியது. தொண்ணூற்றெட்டு.

அப்போதுதான் ஹாலிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"குளிப்பாட்டறேன்... கை வழுக்கிடுச்சுன்னா நல்லதுன்னு ஒரு நினைப்பு வருது. பெத்த தாய்க்கு வர்ற நினைப்பா இது? என் கையைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

காதுக்காரம்மா சட்டென்று திரும்பினாள். அந்தக் குரலை அவள் எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வாள்.

"ஹால்ல டிவி பொட்டி இருக்கே..." கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "நெட்வொர்க்ல பாட்டு, படம்னு எது புதுசா வந்தாலும் அதுவா தேடித் திரையில காட்டும். ஐயோ, அதை மறந்தே போயிட்டேன்!"

வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதையாகிவிட்டது. கம்ப்யூட்டரின் கரண்டைப் பிடுங்கினால் மிச்சமிருக்கும் இருநூற்றுச் சொச்சம் பேரின் குரலும் போய்விடும். "ஒயர்! ஒயரைப் புடுங்கு!" என்று கத்திக்கொண்டே ஹாலுக்கு ஓடினாள். அவன் பிடுங்கிவிட்டான். ஆனாலும் அதுவரை உள்ளே விழுங்கியிருந்ததை டிவி பேசிக்கொண்டே இருந்தது.

மருமகள் சோபாவில் இருந்தாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் ரிமோட். திரையில் வரிசையாகப் பெயர்கள். அதில் ஒன்றன் மேல் வெளிச்சம் நின்றிருந்தது. தன் அம்மாவின் பெயரைக் கண்டால் எந்த மகள்தான் அழுத்திப் பார்க்காமல் இருப்பாள்?

"குடும்மா அதை" என்று காதுக்காரம்மா கையை நீட்டினாள். மருமகள் கொடுக்கவில்லை. ரிமோட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"இந்தக் குழந்தை இல்லாமலே இருந்திருக்கலாம்னு தோணுது" என்றது டிவி. அத்தோடு வார்த்தை பாதியில் அறுந்து நின்றது.

சமையலறை வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தாள். சோப்பு நுரை முழங்கையிலிருந்து சொட்டியது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் மகளைப் பார்க்கவில்லை, காதுக்காரம்மாவைத்தான் பார்த்தாள். வாக்குக் கொடுத்தாயே என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

எல்லாம் போச்சு என்று காதுக்காரம்மா நினைத்தாள். இந்தப் பெண் இனித் தன் தாயை எப்படிப் பார்க்கும்? மாமியாரை எப்படிப் பார்க்கும்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகப்போகிறாள், அவ்வளவுதான். அறை வாசலில் கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

மருமகள் எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். வறண்ட குரலில், யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு எத்தனை நாள்ல போச்சும்மா?"

காதுக்காரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அதுவரை பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டவள் அவள். இந்த வீட்டில் இரண்டு மாதமாக, குழந்தையைக் குளிப்பாட்டும் வேளை வந்தால் "நீங்களே பண்ணுங்க அத்தை" என்று மருமகள் நழுவியதைச் சோம்பல் என்றுதான் நினைத்தாள். மகனிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். தூ, என்ன காது இது!

சம்பந்தியம்மா ஈரக் கையைத் துடைக்காமலே வந்து மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எட்டு மாசம்" என்றாள். "ஆனா இவங்ககிட்டப் போய் வாயைத் திறந்து சொன்ன நாள்லேருந்து எட்டு மாசம். சொல்லாம உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தேனே, அந்த நாள்ல ஒண்ணும் குறையல."

மருமகள் குழந்தையை அம்மாவின் மடியில் வைத்தாள். காலியான தன் இரண்டு கைகளையும் விரித்தாள். அவற்றைப் பார்த்தபடியே காதுக்காரம்மாவிடம் சொன்னாள்.

"அப்போ எனக்கு இன்னைக்குத்தான் முதல் நாள், அத்தை."