முள்கம்பிக்கு மேலே ஒரு டின் பால்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மன்னார்குடியை விட்டுக் கப்பலேறும்போது எதையெதையோ விட்டுவிட்டு வந்தேன், அதை மட்டும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நெகிரி செம்பிலானில், கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தமிழ்ப்பள்ளி டீச்சர் நான்.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி அடித்து, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பருக்கைச் சோறு வெளியே போகக் கூடாது. வெளியே வருகிறவர்களை மடி, முந்தானை, பிள்ளைகளின் பை என்று ஒன்று விடாமல் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். என் பள்ளிக்கூடமோ கம்பிக்கு வெளியே, ரோட்டோரம்.

ஒருநாள் மானேஜர் தொரை வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "டீச்சர், ஸ்கூல் கம்பிக்கு வெளியே. மூடு. பிள்ளை லாரியில் கோலா பிலா போ."

அந்த ரோட்டில் போன மாதம்தான் ஒரு லாரியைக் காட்டுக்காரர்கள் கொளுத்தியிருந்தார்கள். எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? பள்ளியை மூடினால் அதுகளுக்குப் படிப்பு அதோடு சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாய் தகப்பன் எல்லாரும் இங்கே வந்து நின்று பள்ளி வேண்டும் என்றால்?" என்று கேட்டேன்.

"வந்தால் பார்க்கலாம். சனிக்கிழமை மூணு மணி," என்றார் தொரை.

இதை மயிலம்மாளிடம் சொன்னதுதான் தாமதம். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், என்னிடம் படிக்கும் மூன்று பிள்ளைகளின் தாய். வாய் என்றால் அப்படியொரு வாய்.

"தொரைக்குப் பொறந்தநாளு இருக்கு, மாரியாத்தாவுக்குத் திருநா இருக்கு, டீச்சருக்கு ஒரு நாளு இல்லியா? சனிக்கெழம டீச்சர் நாளுலா. ஒருத்தர் விடாம வர்றோம். தொர கண்ணால பாக்கட்டும்," என்றாள்.

சனிக்கிழமை பழைய சேலையைக் கிழித்துத் தோரணம் கட்டி, நல்ல சேலை உடுத்தி வாசலில் நின்றேன். மூன்று மணி ஆகப்போகிறது, ஒரு ஈ காக்காய் இல்லை. கோபம் வந்தது. விறுவிறுவென்று கேட்டுக்கு நடந்தேன்.

கம்பிக்கு உள்ளே ஊரே நின்றது. தலைசீவிப் பூ வைத்து, சட்டை போட்டு, ஆளுக்கொரு கட்டிப்பால் டின்னோடு. டீச்சரைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று வீட்டுக்கு வீடு தனித்தனியாக யோசித்து, எல்லாரும் கம்பிக்குள் இருந்த லியாக்கத் அலி கடையில் அதையே வாங்கியிருக்கிறார்கள். அந்நாளில் சட்டம் அப்படி: பதுக்கிவைக்க முடியாதபடி, விற்கும்போதே கடைக்காரர் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு அத்தனை பேரும் நிற்கிறார்கள், முழங்கை வரைக்கும் பால் வழிகிறது.

கேட்டில் நின்ற மலாய்க் கார்ப்பரல் அசையவில்லை. "சூசு தா போலே. பால் போகக் கூடாது."

"இது தீனி இல்ல தம்பி, மரியாத," என்றாள் மயிலம்மாள்.

"மரியாதையும் தா போலேலா," என்றான் அவன்.

தூரத்தில் தொரையின் ஜீப் சத்தம் கேட்டது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அதை வயித்துல ஊத்திக்கிட்டு வந்து தொலைங்களேன். வயித்தையுமா தடவிப் பார்ப்பான்?" என்று கத்தினேன்.

கத்தியது கோபத்தில்தான். ஆனால் டீச்சர் சொன்னால் கேட்டுப் பழகிய கூட்டம் அது. மறுநிமிடம் ஊரே தலையை அண்ணாந்து குடிக்க ஆரம்பித்துவிட்டது. கட்டிப்பால் லேசில் இறங்குமா? இனிப்பென்றாலே முகம் சுளிக்கும் லயத்துக் கிழவர் சன்னாசி, கண்ணில் நீர் வழியக் குடித்தார். பிள்ளைகளுக்கு மூக்கு வரைக்கும் பால். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, புரையேறி, மறுபடி சிரித்தார்கள். கார்ப்பரலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

திடீரென்று மயிலம்மாள் நிறுத்தினாள். "அடியே, டீச்சருக்குன்னு வாங்குனத நாமளே குடிச்சிட்டோமேடி."

அவள் கையில் பாதி டின் மிச்சம் இருந்தது. கம்பி ஓரமாக இருந்த கல்லில் ஏறி, முள்ளுக்கு மேலே கையை நீட்டினாள். "வாயத் தொறங்க டீச்சர்."

திறந்தேன். என்ன செய்வது, சிரிப்பில் தானாகத் திறந்துகொண்டது. கார்ப்பரல் திரும்பி நின்று வானத்தைப் பார்த்தான். நூலாக இறங்கிய பால் பாதி வாயிலும் பாதி மோவாயிலுமாக விழ, ஊரே கைதட்டியது. ஜீப் வந்து நின்றது அப்போதுதான்.

"டீச்சர், இது என்ன?" என்றார் தொரை.

போச்சு, பள்ளிக்கூடம் போச்சு என்று நினைத்தேன். பால் பிசுக்கில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மயிலம்மாள் கல்லைவிட்டு இறங்காமலே பேசினாள்.

"எங்க டீச்சருக்கு மரியாத பண்றோம் தொர. வேலைக்குப் போனா எங்களத் தடவுறாங்க, கோயிலுக்குப் போனா தடவுறாங்க. புள்ளைங்க பையக்கூட விடுறதில்ல. அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல மட்டுந்தான் எம்புள்ளைங்கள யாரும் தடவாம, வா சாமின்னு கூப்புடுறாங்க. அதயும் மூடிப்புடாதீங்க."

தொரை அவளைப் பார்த்தார். என் மோவாயையும் பார்த்தார்.

"ஸ்கூல் இருக்கட்டும்," என்றார். பிறகு கார்ப்பரலிடம் திரும்பி, "இன்னைக்குத் தடவ வேண்டாம். கேட்டு தொற," என்றார்.

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்னாலேயே தாய்மார்கள், மூச்சிரைக்கச் சன்னாசி. நான் அழுதுகொண்டே சிரித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய்ப் பள்ளி வாசலில் நின்றேன். கையைத் தூக்கச் சொல்லாமல், மடியை அவிழ்க்கச் சொல்லாமல், ஒவ்வொருவரையும் வா சாமி, வா சாமி என்று உள்ளே கூப்பிட்டேன்.