சென்றியில் இறக்கிய சீமெந்து

இரத்தினசிங்கம் கட்டட வேலைக் கொந்தராத்துக்கு விலை போடும் முறை திருகோணமலை நகரம் முழுக்கத் தெரிந்ததுதான். எத்தனை பை சீமெந்து போகும் என்று மட்டும் கேட்பார். லொறி, கூலி, காவல், தேத்தண்ணி என்று ஆகிற செலவையெல்லாம் அந்தப் பைகளின் தலையில் சமமாகக் கட்டிவிடுவார். நகரத்துக்குள் மதில் என்றாலும் ஒரே கணக்கு, மூதூரில் பள்ளிக்கூடம் என்றாலும் அதே கணக்கு.

"மூதூர்ப் பக்கம் என்னை விட்டால் ஆளில்லை" என்பது அவருடைய பெருமை. உண்மைதான். மற்றவர்களுக்குப் புத்தி இருந்தது.

சண்டைக்காலம். மூதூர்ப் பாதையில் ஆமியின் சோதனைச் சாவடியான சென்றிக்குச் சென்றி லொறி நிற்கும். பைகளை இறக்கவேண்டும், ஆமிக்காரன் கம்பியால் குத்திப் பார்ப்பான், திரும்ப ஏற்றவேண்டும். சீமெந்துப் பைக்குள் எவனும் ஒளிந்திருந்து பிடிபட்டதாக இதுவரை கதையில்லை. மூதூரில் கட்டக் கட்டக் கையைக் கடித்தது. நகரத்து வேலையோ விலை கூடவென்று அடுத்தவனிடம் போனது. தம்பலகாமத்து நெல் வியாபாரி ஒருவன் லொறியை விலைக்குக் கேட்டு வந்து, அதன் ரயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். லொறி போனால் கொந்தராத்தும் போச்சு.

மருமகள் குணேஸ்வரி வெளிநாட்டு உதவி நிறுவனமொன்றில் கணக்குப் பார்க்கிறவள்.

"மாமா, பையை எண்ணாதேங்கோ. எந்தக் கொந்தராத்து உங்களை எத்தனை தரம் இறக்கி ஏத்த வைக்குதோ, அந்தச் செலவு அதின்ர தலையிலதான் விழவேணும்."

"பை குத்து வாங்கினதுக்கும் காசு கேக்கச் சொல்லுறியோ?"

"ஓம். அதுதானே பெரிய வேலை. கட்டுறது கொஞ்சந்தான்."

"ஏசி வாகனத்தில போய் மரம் நடுறவங்களிட்டப் படிச்சுப்போட்டு எனக்குப் படிப்பிக்க வாறாய்."

வாய் அப்படிச் சொன்னாலும், ரயரை உதைத்த கால் அவருடைய கண்ணைவிட்டுப் போகவில்லை. மருமகள் சொன்னபடியே விலை போட்டார். மூதூர் விலை ஏறியது, நகர விலை இறங்கியது.

மூதூர் வேலையைக் கொடுக்கும் எஞ்சினியர் தலையைச் சொறிந்தார். "இறக்கி ஏத்தின கூலி எண்டு எழுத ஏலாது, ஐயா. சென்றியில தாமதமே இல்லை எண்டுதான் மேலிடத்து அறிக்கை."

"அப்ப நான் இவ்வளவு காலமும் நிண்டது எங்க?"

அந்த வேலை போனது. ஆனால் நகரத்தில் ஒன்று கிடைத்தது. சனத்தை மழையில் நனைய வைத்துச் சோதிப்பது மரியாதையில்லையாம். துறைமுகத்தடிச் சென்றிக்குக் கொட்டில் கட்டவேண்டுமாம். கிட்டத்து வேலை, இறக்கி ஏற்றுவதே இல்லை என்று இவர் போட்ட விலைதான் எல்லாவற்றிலும் குறைவு.

முதல் லோட்டுச் சீமெந்து போய்ச் சேர்ந்தது. அதே சென்றியில் மறித்தார்கள்.

"எல்லாம் இறக்கு!"

"இது உங்கட கொட்டிலுக்குத்தான், ஐயா."

"கொட்டில் வந்தால் கொட்டிலுக்குள்ள வைச்சுப் பார்க்கிறது. இப்ப வெளியில இறக்கு."

கூலிகள் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒரு பை விடாமல் குத்தினான். இரத்தினசிங்கம் மருமகளையும் அவளுடைய கணக்கையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார்.

"சரி. ஏத்திக்கொண்டு போ!"

மேசன் முனாப் முதல் பையைத் தூக்கினான்.

"வையடா கீழ!" இரத்தினசிங்கம் கத்தினார். "எங்க கொண்டுபோறாய்? வேலை இங்கதானே!"

முனாப் பையோடு நின்று சிரித்தான். "சண்டை துவங்கி இண்டைக்குத்தான், முதலாளி, ஆமிக்காரன் சரியான இடத்தில இறக்க வைச்சிருக்கான்."

ஆமிக்காரனுக்கு விளங்கவில்லை. "லொறி இங்க நிற்கக் கூடாது!"

"நிக்கேல்லை, ஐயா" என்றார் இரத்தினசிங்கம். "வெறும் லொறியாப் போறம்."

மறுகிழமை தம்பலகாமத்தான் திரும்பவும் வந்தான். உதைக்க ரயர் இருக்கவில்லை. லொறி அடுத்த சென்றிக்குக் கொட்டில் கட்டப் போயிருந்தது.