வலிக்காத காயம்

ஃபீனால் என்று ஒரு ரசாயனம் இருக்கிறதே, அதைப் போல ஒரு நயவஞ்சகன் கிடையாது. வெந்நீர் பட்டால் மனுஷன் அலறுவான், ஓடுவான், தப்பித்துக்கொள்வான். இது பட்டாலோ கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் அந்த இடமே மரத்துப்போகும். தோல் வெளுத்துக் கிடக்க, அது பாட்டுக்கு ரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பலகைக்குப் பிசின் காய்ச்சும் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய ஃபோர்மேனுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும்.

மேலே பட்டால் அந்த நிமிஷமே துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு ஷவருக்கு அடியில் நிற்க வேண்டும் என்பது ஆலைச் சட்டம். ஷவர் இருந்ததோ முற்றத்தின் நடுவில், ஒரு மறைப்புகூட இல்லாமல். ஒரு தடவை பேக்கிங் ஆள் ஒருவன் நாலு சொட்டுக்காக அம்மணமாக ஓடினான். ஃபோர்மேன்தான் முதலில் சிரித்தார். "டேய், ராஜா குளிக்கப் போறாருடா, வழி விடுங்க!" அன்றிலிருந்து அவன் பெயர் குளியல் ராஜா. அதற்கப்புறம் அந்த ஷவரைத் திறக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பதுதான் ஆம்பளைத்தனம் என்றாகிவிட்டது. நல்ல ஆம்பளைத்தனம், போங்கள்!

இந்த லட்சணத்தில் தன் சொந்தத் தங்கையின் கணவரையே அங்கே வேலைக்குச் சேர்த்திருந்தார். "அண்ணன் பக்கத்துல இருக்காரு, எனக்கென்ன பயம்" என்று தங்கை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை, நெய் மாதிரி உறைந்திருந்த ஃபீனாலை டிரம்மோடு வெந்நீர்த் தொட்டியில் வைத்து உருக்கி, குழாய் வழியே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குழாயின் மூட்டு கழன்று, தங்கை கணவரின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்துவிட்டது.

"மச்சான், கால்ல கொட்டிடுச்சு. ஷவருக்குப் போகவா?"

"எரியுதா?"

"முதல்ல எரிஞ்சுது. இப்ப ஒன்னுமே தெரியல மச்சான்."

பக்கத்து அண்டாவில் பிசின் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் குறைந்து, நேரம் தப்பினால் உள்ளேயே கல்லாகிவிடும்; மேனேஜர் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். போதாக்குறைக்குக் குளியல் ராஜா வேறு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நம் வீட்டு மனுஷனும் அம்மணமாக ஓடினால் நம் மானம் என்னாவது என்று ஃபோர்மேனுக்குத் தோன்றியது.

"வலிக்கலன்னா அப்புறம் என்ன மாப்பிள்ளை? ஒன்னுமில்ல, துடைச்சிட்டு வாங்க. இதை முடிச்சிட்டுப் போய்க்கலாம்."

அவர் துடைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். அரை மணி நேரத்தில் கை நடுங்கியது, நாக்கு குழறியது, அப்படியே சாய்ந்தார். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, உயிர் போய்விட்டது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்போதுதான் ஃபினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். கிருமியைக் கொல்ல ஒரு வாளிக்கு ஒரு மூடி போதும்; அதுவும் ஃபீனால் குடும்பத்துச் சரக்குதான். ஃபோர்மேன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் காதருகே வந்தார்.

"அவர் யார்கிட்டயும் சொல்லல. புரியுதா? சொன்னார்னு வெளிய வந்துச்சு, முதல்ல உள்ள போறது நீங்கதான்."

ஜெயிலுக்குக்கூட ஃபோர்மேன் அவ்வளவு பயப்படவில்லை. இருக்கிற ஒரே தங்கை இனி தன்னை அண்ணா என்று கூப்பிடுவாளா என்பதுதான் அவர் பயம்.

வந்தாள். தலைகூட வாரவில்லை, வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தாள்.

"அண்ணா, கொட்டினதும் உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லம்மா. ஒரு வார்த்தை சொல்லலியே பாவி மனுஷன்! சொல்லியிருந்தா நானே தூக்கிட்டுப் போய் ஷவர்ல நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அவள் கையிலிருந்த ஃபோனை நீட்டினாள்.

"தண்ணி குடிக்க வந்தப்ப எனக்கு ஃபோன் பண்ணாரு. கால் மரத்துக் கிடக்குன்னாரு. எல்லாத்தையும் போட்டுட்டுப் போய்க் குளிங்கன்னு கத்தினேன். மச்சான்கிட்ட சொல்லிட்டேன், ஒன்னுமில்லன்னுட்டாருன்னாரு."

ஃபோர்மேன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணனே சொல்லிட்டாருன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் ஃபோனை வெச்சுட்டேண்ணா."