ஐந்தாவது பொட்டு

சின்னப்பிள்ளை வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் பெருமூச்சு வரும், அப்புறம் இருமல் வரும். தண்ணீர் வராது. கடைசித் தெருவில் கடைசி வீடு. காலை ஆறு மணிக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் விட்டால், வழியிலுள்ள வீடுகள் அத்தனையும் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடும். மூன்று மாதமாக அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்துதான் வாசலில் இட்லிக்கடை போடுகிறாள். இனி முடியாது என்று முழங்கால் சொல்லிவிட்டது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் இந்த மாதத்தோடு கடையை மூடவேண்டியதுதான்.

அதனால்தான், அறந்தாங்கி பஸ்ஸில் வந்து இறங்கிய பிரவீன்குமார் என்ற தொண்டு நிறுவனத்துச் சென்னைப் பையன், ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினைக்கு எல்லாரும் சேர்ந்து தீர்வு வடிவமைக்கலாம் என்று கூப்பிட்டபோது, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

சமுதாயக்கூடத்தில் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணும் பாதிப் பாதி. முன்வரிசையில் குணசேகரன். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்துபோனது. நாற்காலிக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை. பிரவீன்குமார் ஒரு நூல்பந்தைத் தூக்கிப் போட்டு, பிடிக்கிறவர் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றான். ஐம்பது வருடமாக எதிரெதிர் வீட்டில் இருந்து சண்டை போட்டவர்கள், முதல்முறையாக ஒருவருக்கொருவர் வணக்கம் சொன்னார்கள்.

"தப்பான யோசனைன்னு எதுவுமே கிடையாது. மனசுல பட்டதை எழுதுங்க" என்று கலர் சீட்டுகளைக் கொடுத்தான்.

மோட்டார் என்று மட்டும் யார் மனசிலும் படவில்லை. எழுதினால் கையெழுத்தை ஊரே கண்டுபிடித்துவிடும். மதியத்துக்குள் ஒரே மாதிரிச் சீட்டுகளை ஒன்றாக்கி, சுவரில் ஐந்தை ஒட்டினான். ஊர் எல்லையில் தோரணவாயில் என்பது குணசேகரனுடையது. அதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது, தப்பான யோசனைதான் கிடையாதே. புதுத் தொட்டி, மரம் நடுதல், தொட்டிக்குக் கேமரா என்று இன்னும் மூன்று. ஐந்தாவது சின்னப்பிள்ளை எழுதியது: 'தண்ணி விடுற அரைமணி நேரம் ஊருக்குக் கரண்டு வேண்டாம்.'

மோட்டார் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனாலும் படித்தவர்கள் எல்லாரும் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

அடுத்து ஓட்டு. ஓட்டுக்கான வட்ட ஸ்டிக்கரை பிரவீன்குமார் லாட்ஜிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். பெட்டிக்கடையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி, ஆளுக்கொன்றாகப் பிய்த்துக் கொடுத்தான். "தன் சீட்டுக்குத் தானே ஒட்டக்கூடாது. டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் டைம். ஜெயிக்கிற யோசனையை நாளைக் காலையிலேயே சின்ன அளவுல செஞ்சு பாக்குறோம்."

தோரணவாயிலுக்கு நாலு பொட்டு. தொட்டிக்கு மூன்று, மரத்துக்கு மூன்று, கேமராவுக்கு இரண்டு. சின்னப்பிள்ளையின் சீட்டு வெறுமையாக நின்றது. கடைப் பெஞ்சை யாருக்கு விற்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

ஆண்கள் டீக்கு வெளியே போனார்கள். லட்சுமி சுவரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏங்க்கா, வெள்ளிக்கிழமை அதுவுமா ஒரு சீட்டு மட்டும் மூளியா நிக்குது. பாக்கவே நல்லால்ல." தன் நெற்றியிலிருந்த மெரூன் பொட்டை எடுத்து அதில் ஒட்டினாள். லட்சுமி வீட்டில் மோட்டார் ஒரு எச்.பி. அந்த நேரத்தில் அது அவளுக்கு நினைவில்லை.

சின்னப்பிள்ளைக்கு மூளையில் பல்பு எரிந்தது.

"ஒத்தையாவா விடுவே?" என்றாள்.

"அதுவும் சரிதான்" என்று அடைக்கலமேரி தன் கல் வைத்த பொட்டை ஒட்டினாள்.

"ரெட்டப்படையாப் போச்சே, மேரி."

மீனாக்ஷி ஓடிவந்து பாம்புப் பொட்டை ஒட்டினாள்.

"மூணா!" என்று சின்னப்பிள்ளை நெஞ்சில் கைவைத்தாள். இருபது வருடமாகத் தட்டுக்கு மூன்று இட்லி வைத்து விற்கிறவள். "நல்ல காரியத்துக்கு மூணு ஆகுமாடி?"

நாலாவது பொட்டு வந்தது. நாலு இரட்டைப்படை என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஐந்தாவதும் தானாக வந்தது. ஐந்து லட்சணமாக இருந்தது. பெண்கள் வெறும் நெற்றியோடு நிம்மதியாக டீ குடிக்கப் போனார்கள்.

திரும்பிவந்த குணசேகரன் எண்ணிப்பார்த்து அலறினார். "தம்பி, இது கள்ள ஓட்டு! நீங்க குடுத்தது செவப்பு. இதுல பாம்பு இருக்கு, கல்லு இருக்கு!"

பிரவீன்குமாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். "சார், தங்களோட சொந்தப் பொருளைக் குடுத்திருக்காங்க. இதைத்தான் பங்கேற்புன்னு சொல்வோம்!"

"பங்கேற்பா? நெத்தியப் பாருங்க தம்பி, நெத்திய!"

"அப்ப, நாளைக் காலைக்குள்ள உங்க தோரணவாயிலைக் கட்ட முடியுமா சார்?"

குணசேகரன் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிரவீன்குமார் மின்வாரிய அதிகாரிக்குப் போன் போட்டு, ஒரே ஒரு நாள் சோதனை என்று கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிட்டான்.

மறுநாள் ஆறு மணிக்கு ஊரிலுள்ள மின்விசிறிகள் ஒன்றாக நின்றன. வீட்டுக்கு வீடு வேர்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மோட்டார்கள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. கடைசித் தெருவின் கடைசிக் குழாய் பெருமூச்சு விட்டது, இருமியது. மூன்றாவதாக என்ன செய்வதென்று அதற்கே மறந்துபோயிருந்தது. பிறகு கலங்கலாகத் துப்பி, தெளிந்து, கொட்டியது. சின்னப்பிள்ளை குடம், அண்டா, சட்டி, கடைசியில் இட்லிக் கொப்பரை வரை நிரப்பினாள். பிரவீன்குமார் குழாயைப் படம் எடுத்தான். அவளையும் சேர்த்து எடுக்கத் தோன்றியது அப்புறம்தான்.

ஆறரைக்கு முன்பே குணசேகரன் தலையில் துண்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "சட்னி எங்க?"

"கரண்டு இல்லீங்களே தலைவரே, மிக்ஸி எப்படி ஓடும்? பொடிதான்."

மூன்று இட்லியைத் தட்டில் வைத்தாள். அவர் தட்டை முறைத்தார். "மூணு ஆகாதுன்னு நேத்து பொம்பளைங்ககிட்ட சொன்னியாமே?"

"ஆமாங்க, மறந்துட்டேன்" என்று இன்னொன்றை வைத்தாள். "நாலு ரெட்டப்படை" என்று ஐந்தாவதையும் வைத்தாள்.

குணசேகரன் பொடியைக் குழைத்துக்கொண்டே, நாளைக்கும் இதே நேரம்தானா என்று கேட்டார்.

"கடை இருக்குங்க" என்றாள் சின்னப்பிள்ளை. "கரண்டு இல்லாம இருக்கிறதுக்கு நீங்கதான் கரண்டாபீசுக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

இரண்டு இட்லியைத் தின்று முடித்தார். மூன்றாவதில் பேனா கேட்டார்.