இன்னொரு தடவை

தம்பியின் சட்டைக் கைக்குக் கடைசிப் பொத்தானைச் சொலான்ஜ் மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அப்பா, "வந்துட்டாரு பெரிய மனுஷன்," என்றார். பாரிஸிலிருந்து சினிமா இயக்குநர் வெர்னே வந்திருந்தார்.

"அப்பா, கையை மட்டும் நீட்டிடாதீங்க."

"நான் எதுக்கு நீட்டறேன்."

'நடிக்கத் தெரியாத இளைஞன் தேவை' என்று இரண்டு வருடத்துக்கு முன் பேப்பரில் வந்த விளம்பரத்துக்குத் தம்பி தியெரியின் போட்டோவை அனுப்பியவள் சொலான்ஜ்தான். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. படப்பிடிப்பில் நடந்ததை மட்டும் தியெரி வீட்டில் சொல்லிக் காட்டியிருக்கிறான். "எனக்கு எதுவும் வேண்டாம்." ஒரே வசனம். முதல் தடவை சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. மூஞ்சியில் எதுவும் தெரியக் கூடாது, இன்னொரு தடவை என்றாராம் வெர்னே. முப்பத்தெட்டாவது தடவைதான் அவருக்குத் திருப்தி.

படம் வந்ததும் அந்த முகத்தைப் பேப்பர்காரர்கள் ஓஹோவென்று புகழ்ந்தார்கள். அதோடு சரி, யாரும் கூப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பிச் சர்க்கரை ஆலையில் சேர்ந்தான். ராத்திரி சூப் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அதே வசனத்தை அதே குரலில் சொல்வான். பாவி மனுஷன் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தார். முந்தாநாள் அவனை ஆற்றிலிருந்து தூக்கினார்கள். இருபத்திரண்டு வயது.

வெர்னே தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். சவப்பெட்டியை மூட வந்த ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் தீர்த்தமும், குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த பச்சைக் கிளையும் இருந்தன. அவர் கிளையைத் தோய்த்து, தியெரியின் மேல் சிலுவை போட்டுத் தெளித்தார். வழக்கப்படி அடுத்து நின்ற சொலான்ஜிடம் கிளையை நீட்டினார்.

"இன்னொரு தடவ," என்றார் அப்பா.

"என்னங்க?"

"கண்ணு கலங்கியிருக்கே. மூஞ்சில எதுவும் தெரியக் கூடாதுல்ல?"

வெர்னே மறுபடியும் தெளித்தார்.

"இன்னும் சரியா வரல. இன்னொரு தடவ."

மூன்றாம் முறையும் தெளித்தார். ஒரு சொட்டு தியெரியின் கன்னத்தில் விழுந்து காதுப் பக்கம் வழிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும். அவகிட்ட குடுங்க."

சொலான்ஜ் கிளையை வாங்கிக்கொண்டாள். ஒரு முறை தெளித்தாள். பெட்டி மூடுகிறவர் மூடிப் பலகையைத் தூக்கினார். யாரும் சொல்லாமலேயே அவள் கிளையை மறுபடியும் தண்ணீரில் தோய்த்தாள்.