அளவு சரிதான் என்று சொல்லட்டும்

டாக்டர் லிங்கேஸ்வரன் நாசமாய்ப் போகவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அய்யனார் கோவிலுக்கு அதற்காகவே மலையேறிப் போனேன்.

என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். குலுங்கிக் குலுங்கிக் கழுத்தெலும்புக்கு நடுவிலிருக்கும் டிஸ்க் தேய்ந்து, கை மரத்துப்போனது. ராஜபாளையத்தில் லிங்கேஸ்வரன்தான் அதை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைத்தார். சில மாதத்தில் சோறு உள்ளே இறங்கவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "டிஸ்க் இவருக்குச் சின்னதும்மா. பிடிப்பில்லாம முன்னால நழுவி, உணவுக்குழாயைப் புண்ணாக்கிருச்சு" என்றார் அங்கிருந்த டாக்டர். அதை எடுத்தும் புண் ஆறவில்லை. வயிற்றில் போட்ட டியூப் வழியாகத்தான் இன்றைக்கும் கஞ்சி.

லிங்கேஸ்வரனிடம் போய்க் கேட்டேன். "அளவெல்லாம் சரிதான். வீட்ல பாரம் தூக்கியிருப்பாரு" என்றார். தண்ணீர்ச் செம்பைக்கூட நான் தூக்கவிடாத மனுஷன்மேல் பழி. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நாலு பேர் முன்னால் இந்தப் பொய்யை அவர் வாயிலேயே திணிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் புது ஆஸ்பத்திரி திறந்தார். பெரிய மனிதர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன். பூஜை முடிந்து சூடத்தட்டு வந்தது. குருக்கள் கையிலிருந்து அதை வாங்கி அவர் முன்னால் நீட்டினேன்.

"டாக்டரய்யா, எங்க வீட்டுக்காரருக்கு வச்சது சரியான அளவுதான்னு சொல்லி இந்தச் சூடத்தை அணைங்க. நான் இப்பமே போயிருதேன்."

எங்கள் பக்கம் சூடத்தை அணைத்துப் பொய்ச்சத்தியம் செய்தால் குடும்பத்துக்கு ஆகாது. படித்தவருக்கு அந்தப் பயமெல்லாம் ஏது? இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஆனந்தவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் டாக்டர், ஆபரேஷனில் என் வீட்டுக்காரருக்கு மயக்க ஊசி போட்டவள்.

"வேண்டாங்க. நமக்கும் பிள்ளை இருக்கு. சரியான சைஸ் டிஸ்க் பெட்டியில இல்லைன்னுதானே சின்னதை வச்சீங்க" என்றாள்.

அவர் கை தானாகக் கீழே இறங்கியது.

அவளைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் முகம் வெளுத்துப்போவதை ஆசைதீரப் பார்த்தேன். சூடம் முழுக்க எரிந்து அடங்கும்வரை தட்டை நான் இறக்கவேயில்லை.