ஒட்டிய விடை

பைத்தான் கோடிலிருந்து பிறக்கும் எஸ்க்யூஎல் வரி, அதாவது தரவுத்தளக் கட்டளை, சரிதானா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதுவதுதான், மொந்தெவிதேயோ அலுவலகத்தில் நேலிதாவின் வேலை. டீம் லீடர் எவாரிஸ்தோவோ, பிறந்த வரியையே சரியான விடையென்று வெட்கமில்லாமல் டெஸ்டில் ஒட்டி அவளிடம் கொடுத்தான்.

"வந்ததையே விடைன்னு ஒட்டினா தப்பு எப்படித் தெரியும்?" என்றாள்.

"வாத்தியாரம்மா, பேசாம உன் பேர்ல ஏத்து."

அவள் ஏற்றினாள். ஆனாலும், எல்லோரும் ஒரே குழலில் உறிஞ்சும் மாத்தே தேநீர்க் குடுவை அன்று அவளைத் தாண்டியே சுற்றியது.

திங்களன்று, எந்தப் பதிவு என்ற நிபந்தனை விடுபட்ட அந்த வரி, ஒரு நோயாளியின் பதிவை நீக்கப் போய் வாடிக்கையாளரான மருத்துவமனையின் பதிவுகள் அத்தனையையும் அழித்தது. மேலாளர் விசாரிக்க வந்து நின்றார்.

எவாரிஸ்தோ முதல் குடுவையை நேலிதாவிடம் நீட்டினான். "குடிம்மா, ஆறிடப் போகுது. டெஸ்ட் உன் பேர்லதானே இருக்கு."